அண்ணனுக்கு ஒரு குழாய்ப் புல்லாங்குழல்

எங்கள் பக்கத்து மூங்கிலுக்கு உள்ளே ஓட்டை கிடையாது என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் சொல்வது கல் மூங்கில். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் வளர்வது பெரும்பாலும் அதுதான். மழை குறைந்த மலையில் வளர்வதாலோ என்னவோ, உள்ளே சதை அடைத்துக்கொண்டு கெட்டியாக இருக்கும். கைத்தடிக்கும் ஏணிக்கும் அதைப்போல வேறு கிடையாது. ஊதுவதற்கு மட்டும் உதவாது.

அதனால் சின்ன வயதில் எங்களுக்குக் கிடைத்த ஊதல்கள் இரண்டே. ஒன்று பூவரச இலையைச் சுருட்டிச் செய்யும் பீப்பீ. இன்னொன்று பப்பாளி இலைக் காம்பு. இரண்டும் சாயந்திரத்துக்குள் வாடிப்போகும். உண்மையான புல்லாங்குழல் வேண்டுமென்றால் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக வேண்டும். அங்கே ஒரு நீளக் கம்பில் வைக்கோல் சுற்றி, அதில் குழல்களைச் செருகித் தோளில் வைத்து விற்றுக்கொண்டு வருவார்கள். விற்பவர் ஊதினால் சினிமாப் பாட்டு வரும். நாம் வாங்கி ஊதினால் வெறும் காற்றுதான் வரும்.

என் அண்ணனுக்கு அப்படி ஒரு குழலை அப்பா நாலணாவுக்கு வாங்கிக் கொடுத்தார். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கப் போனவர். நான் மேலே படித்து, அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக 33 வருடம் சாக்பீஸ் பிடித்துவிட்டு ஓய்வு பெற்றேன். குழல் யாரிடம் போயிருக்க வேண்டுமோ அவரிடம்தான் போயிற்று. ஒரு மாதத்தில் யாரும் சொல்லித்தராமலே வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஆடுகளைத் திருப்ப ஒரு மெட்டு வைத்திருந்தார். அது கேட்டால் காட்டோரம் போன ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். இரண்டு கோடையில் அந்த மூங்கில் வெடித்தது. நூல் சுற்றி மெழுகு அடைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டினார். அப்புறம் ஏர் பிடிக்க வேண்டிய வயது வந்துவிட்டது.

இனி தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் குழாய்க் கதைக்குப் போக முடியாது. எங்கள் நிலத்துக் கிணற்றில் முதலில் மாடு கட்டிக் கவலை இறைத்தோம். பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. 1990ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமான பிறகு ஊரெங்கும் மோட்டார் ஓடியது. கிணறு கீழே போக, போர் போட்டோம். போர் கீழே போக, அதைவிட ஆழமான போர் போட்டோம். கடைசியாக அண்ணன் போட்டது 900 அடி. ராத்திரி முழுக்க வண்டி அடித்தது. விடியற்காலையில் வெளியே வந்தது வெள்ளைப் புழுதி மட்டும்தான். தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் குழாய்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். பெரிய குழாய்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். வீட்டுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் இழுக்க வாங்கிய முக்கால் இஞ்சுக் குழாய் இருபதடி நீளத்தில் 12, மோட்டார் கொட்டகைக்கு ஒயர் இழுக்க வாங்கிய மெல்லிய குழாய் பத்தடியில் 6, இவை மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏறின. மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான். அண்ணன் அந்தப் பரணை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஏழெட்டு வருடம் கழித்து ஒருநாள் "அதையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடு தம்பி" என்றார். ஒரு குழாயை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பி.வி.சி. குழாயில் புல்லாங்குழல் செய்வது புது விஷயமில்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். குழலுக்கு இன்ன பொருள்தான் வேண்டும் என்ற விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008ல் கிடைத்த குழல் பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பு. வயது 35,000 வருடத்துக்கு மேல், விரல் துளை ஐந்து. நம் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள் சொல்கிறார். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதமம் என்று மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக்குக்கு அவர் என்ன போட்டிருப்பாரோ! ஆனால் அவர் கொடுக்கும் அளவைப் பார்த்து அசந்துபோனேன். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். என் விரலின் அகலம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். அப்படியானால் சுற்றளவு 7.9 செ.மீ. முக்கால் இஞ்சுக் குழாயின் வெளி விட்டம் 25 மி.மீ., சுற்றளவு 7.85. பரணில் கிடந்தது அவர் சொன்ன பருமன்தான்!

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செய்து பார்க்க விரும்புபவர்கள் இருப்பீர்கள்.

இரண்டு பக்கமும் திறந்த குழாயில் அடிச் சுரத்தின் அலைநீளம் காற்றுத் தூணைப்போல இரண்டு மடங்கு. பதினொன்றாம் வகுப்புப் பாடம். 27 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 347 மீட்டர். ஆறு கட்டைச் சுருதி, அதாவது 440 அதிர்வு வேண்டுமென்றால் 39.4 செ.மீ. வரும். இதை நம்பி அறுத்தால் சுருதி இறங்கித்தான் நிற்கும். காற்று குழாயின் வாயோடு நின்றுவிடுவதில்லை, வெளியேயும் கொஞ்சம் ஆடுகிறது. ஊதுதுளை சிறியதாக இருப்பதால் அந்தப் பக்கத்திலும் குழாய் தன் நீளத்தைவிட நீளமானதுபோல் நடந்துகொள்கிறது. எனக்கு ஊதுதுளையின் நடுவிலிருந்து முனைவரை 35 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. அடியார்க்கு நல்லாரின் 20 விரல்! முதலில் நீளமாக அறுத்து, ஊதிப் பார்த்து, அரை சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வருவதுதான் வழி. சுருதி பார்க்க மொபைலில் செயலி இருக்கிறது.

துளைகள் ஒரே கோட்டில் வர, குழாயைக் கதவு நிலையின் மூலையில் அணைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அடைப்புக்கு நான் வெட்டியது பழைய ஹவாய் செருப்பின் ரப்பர். வட்டமாக நறுக்கி இறுக்கமாகச் செருகினால் போதும். ஊதுதுளையின் நடுவிலிருந்து குழாயின் உள்விட்டம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். மூங்கிலைவிடக் குழாயின் சுவர் மெல்லியது. அதனால் ஊதும் விளிம்பில் காற்று சரியாக உடைவதில்லை. அதே குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து, ஊதுதுளை வரும் இடத்தில் சால்வை போலப் போர்த்திக் குழாய் ஒட்டும் பசையால் ஒட்டிவிட்டுத் துளை போட்டால் நாதம் மாறுவது உங்கள் காதுக்கே தெரியும்.

விரல் துளைகளை முதலில் சிறியதாகப் போட்டு, அரத்தால் ராவிப் பெரிதாக்குங்கள். பெரிதாக்கினால் சுரம் ஏறும். ஏறிய சுரத்தை இறக்குவதற்குத்தான் வழியில்லை. அவசரக்காரர்களுக்கு ஏற்ற தொழிலில்லை இது.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் தீக்கடைகோலால் சுட்டுத் துளை போட்ட குழலை ஊதுகிறான். மூங்கிலுக்கு அது சரி. பி.வி.சி.யில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நுரையீரலுக்கு ஆகாது. துளையிடும் மிஷினே போதும். ராவும்போது மூக்கை மூடிக்கொண்டு, முடிந்ததும் நன்றாகக் கழுவுங்கள். குழாய்களில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு விதி கொண்டுவந்ததே 2021ல்தான். பழைய குழாயில் அது இருக்கலாம். குழந்தைகளுக்குச் செய்வதாக இருந்தால் புதிய குழாயே வாங்குங்கள்.

முதல் குழலை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாயில் அச்சடித்த நீல எழுத்தை வைத்தே இன்னதென்று தெரிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. உதட்டில் வைத்தார். முன்பற்கள் போனதால் உதடு உள்வாங்கிக் காற்று சிதறியது. எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பல்செட்டை மாட்டிக்கொண்டு வந்தார்! சோறு தின்ன அண்ணி எவ்வளவு சொல்லியும் மாட்டாத பல்செட்.

அடிச் சுரம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. காரணம் விரல்கள். அவர் கைவிரல்கள் முழுதாக நீள்வதும் இல்லை, மடங்குவதும் இல்லை. விரித்தால் துளைக்கு எட்டவில்லை. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். தாண்டிய நீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் கறை விழும், பிறகு எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013ல் தொடங்கியபோது அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் கை இறுகியது தண்ணீராலா வயதாலா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அண்ணன் குழலைக் கட்டிலில் வைத்துவிட்டு, "கை போயிடுச்சுடா" என்றார். வேறு பேச்சு பேசினோம்.

வீட்டுக்கு வந்து அந்த வாரம் முழுக்க அவர் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி போய், ஒரு தாளில் கையை வைக்கச் சொல்லி, விரல்கள் தானாக எங்கே விழுகின்றனவோ அங்கே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன். "ஜாதகம் கணிக்கிறியா?" என்று கேட்டார்.

துளையின் இடம் கல்லில் எழுதியதில்லை. ஒரு துளையை ஊதும் பக்கமாக நகர்த்தினால் சுரம் ஏறும். அதையே சிறியதாக்கினால் இறங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சுரம் அப்படியே நிற்கும், துளை மட்டும் விரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாதம் கொஞ்சம் மங்கும். மங்கினால் மங்கட்டும். குழாயையும் மாற்றினேன். மோட்டார் கொட்டகைக்கு வாங்கிய 20 மி.மீ. மெல்லிய குழாயில், 26 செ.மீ. நீளத்தில், சுருதியைக் கூட்டி ஒரு சின்னக் குழல். நீளம் குறைந்தால் துளைகளும் தானாக நெருங்கும். நேர்கோட்டைக் கைவிட்டு, தாளில் இருந்த புள்ளிகளின்படி வளைவாகத் துளை போட்டேன். நுனி விரலால் மூட வேண்டியதில்லை, நடுக்கணுச் சதையால் மூடினாலும் போதும். ஆறுக்குப் பதில் ஐந்து துளை. பார்ப்பதற்கு எலி கடித்ததுபோல் இருந்தது.

இந்த முறை உடனே ஊதவில்லை. "வெயில் ஏறட்டும்" என்றார். எனக்குக் காரணம் தெரியும். பத்து டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் கூடுகிறது, குழலின் சுருதி அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. காலையில் ஆடு ஓட்டும்போது இறங்கியிருந்த குழல் உச்சி வெயிலில் ஏறும் என்பது மட்டும் தெரியும். வெயில் ஏறினால் விரலும் கொஞ்சம் இளகும்.

பதினோரு மணிக்கு மேல் எடுத்தார். வந்தது பாட்டில்லை. இரண்டு சுரம் போய், ஒன்று திரும்பி, இழுத்து நிற்கும் அந்த ஆட்டு மெட்டு. மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு வாசலுக்கு வந்து நின்றார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் ஊதி அண்ணி கேட்டதே இல்லையாம்.

"கீழே ஒரு சுரம் பத்தலை" என்றார் அண்ணன்.

"அது ஆறாவது ஓட்டைண்ணா. உங்க விரல் போகாதுன்னுதான் விட்டேன்."

"போடு, பாத்துக்கலாம்."

போட்டேன். 4 மி.மீ. துளை, முடிந்தவரை மேலே தள்ளி. மோதிர விரல் அதில் சில நாள் உட்காருகிறது, சில நாள் உட்காருவதில்லை. உட்காராத நாளில் அந்தச் சுரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். பரணில் இன்னும் முக்கால் இஞ்சுக் குழாய் பதினொன்று முழுதாக இருக்கிறது. போன வாரம் பழைய சாமான்காரர் வந்து கேட்டபோது, அதில் இரும்பு கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.