பழைய சைக்கிள்

பட்டணத்தில் வாடகைக்கு வீடு கிடைத்தாலும் கிடைத்துவிடும். நல்ல பழைய சைக்கிள் கிடைப்பது லேசல்ல. 1982-ல் கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்குக் குடிவந்தேன். பஸ் சார்ஜே சம்பளத்தைத் தின்றது. புதுச் சைக்கிளுக்கு வழியில்லை.

தெருக்கோடிச் சைக்கிள் கடைக்காரர்தான் எனக்குக் குரு. "பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க, ஸார். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா, எதை மறைக்கிறான்னு பாருங்க" என்றார். ஃபோர்க் வளைந்திருக்கிறதா, ஃபிரேமில் பற்றவைத்த தழும்பு உண்டா, சக்கரத்தைச் சுற்றினால் ரிம் கோணுகிறதா என்று பார்க்க வேண்டும். டயரையும் செயினையும் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேம் போனால் எல்லாம் போயிற்று. முக்கியமாக, ரசீது கேட்க வேண்டும். ரசீதில்லாத சைக்கிள் யாருடைய வயிற்றெரிச்சலோ!

கடைசியில் கிடைத்தது, அம்பத்தூரில் செய்த ஒரு ஹெர்குலிஸ். பெயிண்ட் உதிர்ந்திருந்தது, ஃபிரேம் நேராக நின்றது. உடையவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. 1961-ல் வாங்கிய ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார். கண் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறாராம்.

பேரம் பேசத்தான் போயிருந்தேன். "மழையில் நனையாமல் நிறுத்த உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா?" என்று அவர் முந்திக்கொண்டு கேட்டார்.

"இருக்கிறது" என்றேன். அப்புறம் விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்ட 150 ரூபாயைக் கொடுத்துவிட்டேன்.