கயிறும் குறியீடும்

சவூதி அரேபியாவின் ஹாயில் பகுதியில் ஜுப்பா, ஷுவைமிஸ் என்னும் இரு இடங்களிலுள்ள பாறைச் செதுக்கல்களை யுனெஸ்கோ 2015-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மலையாடு, காட்டுக்கழுதை, சிங்கம், ஒட்டகம் என அங்கே உருவங்கள் ஆயிரக்கணக்கில். ரியாத்தில் பணிபுரிந்த காலத்தில் ஒரு பெருநாள் விடுமுறையில் ஷுவைமிஸ் சென்றிருந்தேன். மணல் மூடிக் கிடக்கும் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. செதுக்கியவர்களின் காலத்தில் அங்கே நீரும் புல்லும் இருந்தன.

ஒரு பாறையை மட்டும் சொல்கிறேன். வில்லை வளைத்து நிற்கிறான் வேடன். அவனைச் சூழ்ந்து 13 நாய்கள். விடைத்த காது, குட்டை முகம், சுருண்ட வால். ஆயினும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொன்றின் உடற்குறியும் வேறு. செதுக்கியவர் (பெண்ணாகவும் இருக்கலாம்) அவற்றைத் தனித்தனியே அறிந்தவர். இரண்டு நாய்களின் கழுத்திலிருந்து மட்டும் ஒரு கோடு புறப்பட்டு வேடனின் இடுப்பில் முடிகிறது.

மரியா குவாக்னின் குழுவினர் இக்காட்சிகளைப் பற்றிய ஆய்வை 2017-இல் வெளியிட்டனர். இவை 8,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாகலாம் என்பது கணிப்பு. கல்லின் வயதை நேரடியாக அளந்து சொன்னதன்று. மேய்ச்சல் மக்கள் செதுக்கிய மாடுகள் வேட்டைக் காட்சிகளுக்குப் பின்னரே வருகின்றன என்ற வரிசையை வைத்துச் சொன்னது. கணிப்பு சரியெனில், நாயைக் கயிற்றில் பிடித்ததற்கு நமக்குக் கிட்டிய மிகப் பழைய சித்திரம் இதுவே.

அக்கோடு உண்மைக் கயிறுதானா, மனிதனுக்கும் நாய்க்குமான பிணைப்பின் குறியீடா என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இரண்டாவது விளக்கம் உடனே இனிக்கும். கல்லில் கயிற்றைக் கண்டாலும் நாம் படிமம் என்போம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிணைப்பைச் சொல்லவேண்டுமெனில் 13 நாய்களுக்கும் கோடு போட்டிருக்கலாமே? மீதி 11 என்ன பாவம் செய்தன?

எங்களை அழைத்துச் சென்ற முதிய பதூவினர் சலூக்கி நாய்களுடன் வேட்டையாடிய குடும்பத்தவர். என் கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பழகாத குட்டியைத்தான் கட்டுவார்கள், விட்டால் இரையைக் கலைத்துவிடும் என்றார். மோப்பத்தில் தேர்ந்த, இழக்கமுடியாத நாயையும் கட்டுவதுண்டாம். இடுப்பில் ஏன் என்று கேட்டேன். வில்லுக்கு இரண்டு கையும் வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். பிறகு தம் இடுப்பைத் தடவிக்கொண்டே, குட்டி திடீரென்று பாய்ந்தால் இங்கேதான் வலிக்கும் என்று சிரித்தார்.