எத்தனை ராத்திரி?

"தங்கச்சி ஊரு எவ்வளவு தூரம் கண்ணு?" என்று கேட்டாள் அம்மா. பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் என்றேன். "அது இருக்கட்டும், எத்தனை ராத்திரி?"

எங்கள் ஊரான காரிமங்கலத்தில் தூரத்துக்கு நேரம்தான் கணக்கு. தருமபுரி அரை மணி, பெங்களூரு மூணு மணி. அவள் கேட்டது சரியான கேள்வி.

நார் உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். இந்தப் பக்கம் நம் ஊர், அந்தப் பக்கம் தங்கச்சி வீடு. நூல் தானாக மேலே ஏறி, கண் இருக்கும் உச்சிக்குப் பக்கமாகப் போனது. அதுதான் வடதுருவம், குறுக்கு வழி அங்கேதான். 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண்களே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துருவத்தின் மேலாகத்தான் பெங்களூரு வந்தது. அதைச் சொன்னதும் அம்மா தேங்காயை வாங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

எங்கள் பயணம் 2024 ஜனவரியில். ராகி மாவும் புளியும் பெட்டியில் ஏற, விடியுமுன் காரில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வரை சாலை வழுக்கிக்கொண்டு போனது. பிறகு நகர நெரிசல். தேவனஹள்ளி விமான நிலையத்தைத் தொட ஐந்து மணி நேரம். தூரமோ சுமார் 150 கிலோமீட்டர்தான்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் விமானம் ஏறியது. போகும்போது துருவ வழி இல்லை, கிழக்கே பசிபிக் வழி. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று முதுகில் தள்ளும். சுற்று வழியானாலும் நேரம் மிச்சம். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, வெளியே பொழுது சாய்ந்தது. விளக்கு வைக்கிற நேரம். அம்மா சன்னலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

கிழக்கே போகப் போக ராத்திரி சுருங்கிவிடும். அவள் அரைத்தூக்கம் கலைவதற்குள் கடலுக்கு மேலே விடிந்துவிட்டது. சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதும் வெள்ளி மறுபடி வியாழன் ஆனது. கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம் பறந்தும், கிளம்பிய அதே தேதி சாயங்காலம்தான் இறங்கினோம். கால் வீங்கியிருந்தது, அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது மறுபடி பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது தண்ணீர் இல்லை, தீப்பெட்டி. சாமி படத்தின் முன் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு ராத்திரிதான் கண்ணு. அதுவும் குட்டி ராத்திரி."