சத்தம் வரலைன்னா யாரைக் கேட்கறது?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கருப்புத் திரையில என்ன வேலைன்னு கேட்கறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா நாம மொத்தக் கணக்கையும் கிழிச்சுப் போடறதில்லை. ஒவ்வொரு லெட்ஜரா எடுத்து எங்க இடிக்குதுன்னு பார்க்கறோம். கம்ப்யூட்டர்ல சத்தம் வரலைன்னாலும் அதே வேலைதான்.

'சத்தம் வரலை'ங்கறது ஒரு புகார் இல்லீங்க, நாலு புகார். சவுண்ட் கார்டு இருக்கறதே கம்ப்யூட்டருக்குத் தெரியலையா? தெரிஞ்சும் மியூட்ல கிடக்கா? சத்தம் வேற வாசல் வழியா வெளிய போகுதா? இல்லை, ஸ்பீக்கரே போயிடுச்சா? ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தா நாலுக்கும் ஒரே பதில்தான்: அமைதி. ஆனா லினக்ஸ்ல ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியா கேட்கலாம். (கட்டளைகளை ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும். இங்க உச்சரிப்பை மட்டும் எழுதறேன்.)

முதல் கேள்விக்கு 'ஏபிளே', ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, சின்ன 'எல்'. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச சவுண்ட் கார்டெல்லாம் 0, 1ன்னு எண்ணோட வரிசையா வரும். ஒண்ணுமே வரலைன்னா கோளாறு டிரைவர்லயோ ஹார்டுவேர்லயோ இருக்கு. ஸ்பீக்கரைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவதுக்கு 'அல்சாமிக்சர்'. நெட்டநெட்டயா பட்டைகள் தெரியும். பட்டைக்குக் கீழ 'எம்எம்'னு இருந்தா மியூட். கீபோர்டுல எம் தட்டினா அது 'ஓஓ'ன்னு மாறிடும், அவ்ளோதான். அல்சாங்கறது யாரோஸ்லாவ் கிசெலா 1998ல ஆரம்பிச்ச ஒலி அமைப்பு. 2003 டிசம்பர்ல வந்த 2.6 கெர்னல்ல சேர்ந்து இன்னிக்கு வரைக்கும் லினக்ஸுக்கு அடியில இருக்கு. அந்தக் காலத்துல அதோட சேனல்கள் மியூட்லயேதான் ஆரம்பிக்கும். 'லினக்ஸ் போட்டேன், சத்தமே வரலை'ன்னு அப்போ புலம்பின பல பேருக்கு மருந்து இந்த ஒரு எம்தான் :-)

மிச்ச ரெண்டு கேள்விக்கு 'ஸ்பீக்கர்-டெஸ்ட்'. சும்மா அடிச்சா மழை கொட்டற மாதிரி இரைச்சல் வரும். பேரு பிங்க் நாய்ஸ். சைன்னு கேட்டா 440 ஹெர்ட்ஸ்ல ஒரே சீரான ஸ்வரம் வரும். ஸ்பீக்கர்ல கரகரப்பு இருந்தா அதுல மாட்டிக்கும். ரெண்டு சேனல், வேவ்னு கேட்டா ஒரு குரல் 'பிரண்ட் லெஃப்ட்', 'பிரண்ட் ரைட்'னு இடது வலது மாத்தி மாத்திக் கூப்பிடும். எந்தக் கார்டு வழியா போகணும்னும் சொல்லலாம். நிறுத்த கன்ட்ரோலும் சியும்.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ விலாவாரியா சொல்றேன்?

எங்க வகுப்புல ஒரு நண்பனுக்குக் கண் பார்வை கிடையாது. அவன் லேப்டாப்ல ஓர்கான்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், திரையில இருக்கறதை எல்லாம் படிச்சுச் சொல்லும். நமக்கு சத்தம் போனா பாட்டு போச்சு. அவனுக்கு சத்தம் போனா திரையே போச்சு. செமினார்ல எச்டிஎம்ஐ கேபிள்ல புரொஜக்டரை மாட்டிக் கழட்டினதுக்கு அப்புறம் லேப்டாப் ஊமையாயிடுச்சு. செமஸ்டருக்கு ஒன்பது நாள். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் மொத்தமும் அதுக்குள்ள. கடையில காட்டினா, மதர்போர்டு மாத்தணும், நாலாயிரம் ஆகும்னாங்க.

அன்னிக்கு ராத்திரி போன்ல பேசினோம். நான் ஊர்ல, அவன் ஹாஸ்டல்ல. மௌஸ் வச்சு 'வலது மூலையில ஒரு ஐகான் இருக்கும் பாரு'ன்னு அவனுக்கு எப்படிச் சொல்றது? கட்டளைன்னா சொல்லலாம். கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்துத் தட்டினா டெர்மினல் திறக்கும். அப்புறம் நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல அவன் அடிச்சான். ஸ்பீக்கர்-டெஸ்ட்டை சும்மா ஓட்டினா அமைதி. 0ம் கார்டு வழியா அனுப்பினோம், அமைதி. 1ம் கார்டு வழியா அனுப்பினோம். போன்லயே எனக்குக் கேட்டுச்சு: 'பிரண்ட் லெஃப்ட்'.

"மச்சான், பேசுதுடா!"

சிப்பும் போகலை, ஸ்பீக்கரும் போகலை. கேபிளைக் கழட்டின பிறகும் சத்தம் எச்டிஎம்ஐ வாசல்லயே போய் நின்னுக்கிட்டு இருந்திருக்கு. வாசலை மாத்த இன்னொரு கட்டளை ('பேக்டிஎல்'னு ஆரம்பிக்கும்), ஓர்கா திரும்பப் பேச ஆரம்பிச்சுது. செலவு, ஒரு போன் கால்.

இப்போ அந்த ரெண்டு கட்டளையையும் ஒரே ஃபைல்ல போட்டு, ஒரு கீயோட முடிச்சு வச்சிருக்கான். சத்தம் போனா அதைத் தட்டுவான். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கட்டளை வரியை பழைய காலத்துச் சமாச்சாரம்னு நம்ம ஆளுங்க கிண்டல் பண்றாங்க. ஐகானைக் கண்ணால தேடணும். கட்டளையை மனப்பாடம் பண்ணி இருட்டுலயும் அடிக்கலாம், போன்லயும் சொல்லிக் கொடுக்கலாம். உங்க பக்கத்துல ஸ்கிரீன் ரீடர் வச்சுப் படிக்கிறவங்க இருந்தா, சத்தம் நல்லா இருக்கும்போதே இந்த மூணையும் சொல்லிக் கொடுத்துடுங்க. சத்தம் போன பிறகு அவங்க எங்க போய்ப் படிப்பாங்க?