காண்பதற்கும் காணப்படுவதற்கும்

மிதிவண்டிக்கு விளக்கு எதற்கு என்று எவரைக் கேட்டாலும், "வழி தெரிவதற்கு" என்றே விடை வரும். அவ்விடை பிழையன்று, ஆயினும் பாதி விடையே. ஓட்டுபவருக்கு வழி தெரிய வேண்டும் என்பது ஒரு தேவை. ஓட்டுபவர் பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மற்றொரு தேவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் எத்தனையோ குடும்பங்கள் இழக்கக் கூடாதவர்களை இழந்திருக்கின்றன. ஆகவே இச்சிறு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

யாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வாழும் எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தைச் சார்ந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள் தொட்டு, வானம் பார்த்த இப்பூமி தீக்குச்சியாலும் பட்டாசாலும் அச்சுத் தொழிலாலும் பிழைத்து வருகிறது. பட்டாசு ஆலைகள் ஊரை விட்டு விலகி, பொட்டல் வெளியில் அமைந்தவை. பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைய வேண்டும். எனவே வேலைக்குச் செல்வோர் தெருவிளக்கு இல்லாத சாலைகளைக் கடந்தே செல்கின்றனர். பலர் இன்று மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். பலரை ஆலை வண்டிகளே ஏற்றிச் செல்கின்றன. ஆயினும் மிதிவண்டி மறைந்துவிடவில்லை. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் தனிவகுப்பு முடிந்து திரும்பும் மாணவ மாணவியர் இருக்கின்றனர். சுபுஹுத் தொழுகைக்கு இருளில் புறப்படும் முதியவர்கள் இருக்கின்றனர். தராவீஹ் முடிந்து பத்து மணிக்கு மேல் பக்கத்துச் சிற்றூருக்குத் திரும்புவோர் இருக்கின்றனர். நம் பகுதியில் அந்திப் பொழுதும் குறுகியது. கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்து, அரைமணி நேரத்திற்குள் இருள் கவிந்துவிடும்.

எம் பாட்டனார் காலத்தில் வண்டியின் முன்புறம் மண்ணெண்ணெய் விளக்குத் தொங்கியது. அதற்கும் முன்னே, கார்பைடுக் கல்லின் மீது நீர் சொட்ட, எழும் வாயுவில் எரிந்த விளக்குகளும் உலகில் இருந்தன. எம் இளமையில் டைனமோ வந்துவிட்டது. டயரோடு உரசிச் சுழன்று, ஆறு வோல்ட் மின்சாரத்தில் மூன்று வாட் அளவுக்கு ஒளி தரும் கருவி அது. மிதித்தால் எரியும்; நின்றால் அணையும். விளக்கின்றிச் சென்றால் போலீசார் பிடிப்பர் என்பதால், அவர்கள் தலையைக் கண்டதும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களை யாம் கண்டிருக்கிறோம். அன்றைய அச்சமெல்லாம் அபராதத்தைப் பற்றியதே தவிர, பின்னால் வரும் லாரியைப் பற்றியதன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் பழக்கத்தில் இருந்த ஒருவர், வேலை முடிந்து வீடு திரும்புகையில், பின்னால் வந்த சரக்கு வண்டி மோதி வஃபாத்தானார். அவர் பெயரை இங்கு எழுதவில்லை. அவர் வீட்டார் இதனைப் படிப்பர். அவருடைய வண்டியில் முன்விளக்கு இருந்தது. அன்று எரிந்துகொண்டும் இருந்தது. பின் மட்கார்டில் இருந்த சிவப்பு வில்லையைக் கேரியரில் வைத்திருந்த பை மூடியிருந்தது. ஜனாஸாவுக்கு வந்தவர்களில் சிலர், "விளக்கோடு போனவரே போய்விட்டார், எல்லாம் விதி" என்றனர். கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். முன்னே எரிந்த விளக்கு பின்னே வந்தவருக்கு எதனைக் காட்டியிருக்க முடியும்? இக்கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை.

பார்வை எப்படி நிகழ்கிறது என்பதை உலகிற்குத் தெளிவாக உரைத்தவர்களுள் தலையாயவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்', கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தது. பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணை அடைந்தால்தான் காட்சி உண்டு என்று சோதனைகளால் நிறுவியது. இவ்வுண்மையைச் சாலையில் பொருத்திப் பாருங்கள். லாரியின் விளக்கு நம் கண்ணைக் கூசச் செய்கிறது. ஆதலால் "நாம் அவனைப் பார்க்கிறோமே, அவனும் நம்மைப் பார்ப்பான்" என்று மனம் துணிகிறது. ஆனால் நம்மிடமிருந்து எவ்வளவு ஒளி ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறது என்பதே கேள்வி. கறுப்பு ஆடையிலிருந்து திரும்புவது மிகச் சொற்பம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பின்னர் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டருக்குக் குறையாது. தாழ்த்திய முகப்பு விளக்கில் கறுப்பு ஆடை ஏறத்தாழ 30 மீட்டர் அளவில்தான் புலப்படும். வெள்ளை ஆடை அதனினும் சற்றுத் தொலைவில் தெரியும். நல்ல எதிரொளிப்பு வில்லையோ 150 மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். உயிர் தங்குவதும் போவதும் இவ்விடைவெளியில்தான்.

அரபு மொழியில் ஒளிக்குச் சொற்கள் பல. கதிரவனின் ஒளியை 'ளியா' என்றும் திங்களின் ஒளியை 'நூர்' என்றும் திருமறை வேறுபடுத்திக் கூறுவதைச் சுட்டி, முன்னது தன்னில் பிறந்த ஒளி, பின்னது பெற்றுத் தரும் ஒளி என விரிவுரையாளர் சிலர் விளக்கம் செய்வர். மிதிவண்டிக்கு இவ்விரு வகையும் வேண்டும். விளக்குத் தன் ஒளியைத் தருவது. வில்லை பிறர் ஒளியைப் பெற்றுத் திருப்புவது. வில்லைக்குள் இருக்கும் நுண்ணிய கண்ணாடி முகங்கள் ஒளியைச் சிதறவிடாமல் வந்த திசைக்கே அனுப்புகின்றன. ஓட்டுநரின் கண் அவருடைய வண்டி விளக்குக்கு அருகில் இருப்பதால், அவருக்கு அது பளிச்சிடுகிறது. 1934இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா சாலைகளில் பதிப்பதற்கென உருவாக்கிய 'பூனைக்கண்' இந்த நெறியில் அமைந்ததே. ஆனால் வெளிச்சம் படாத வில்லை வெறும் பிளாஸ்டிக். பக்கவாட்டிலிருந்து விளக்கின்றி வரும் வண்டிக்கு அது தெரியாது. ஆதலால் ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பது சரியன்று.

இனி, வாங்குவோருக்குச் சில சொற்கள். நீல ஒளி தரும் எல்.இ.டி.யை ஆக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நீல ஒளியிலிருந்தே இன்றைய வெள்ளை விளக்குகள் பிறந்தன. அதன் பயனாக, டைனமோவினும் மிகுந்த ஒளி இன்று கைக்கடக்கமான விளக்கிலேயே கிடைக்கிறது, நின்றாலும் அணைவதில்லை. தெருவிளக்கில்லாத சாலைக்கு முன்விளக்கு 200 முதல் 300 லூமன் இருந்தால் போதும். அதனைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துக. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்குவது நமக்கே ஆபத்து. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என்ற முறையை மாற்றலாகாது. நாம் வருகிறோமா போகிறோமா என்பதைப் பிறர் நிறத்தைக் கொண்டே அறிகின்றனர். மின்னி மின்னி எரியும் விளக்குக் கவனத்தை ஈர்க்கும். நிலையாக எரிவதே தொலைவை மதிப்பிட உதவும். ஐப்பசி மழைக்குத் தாங்குமா என்று கேட்டு வாங்குக, 'ஐ.பி.எக்ஸ் 4' என்ற குறியாவது இருத்தல் நலம். பைக்கும் சேலைத் தலைப்புக்கும் மறையாத இடத்தில் பின்விளக்கைப் பொருத்துக.

விளக்கு வாங்க இயலாத நாளிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பெடலிலும் கணுக்காலிலும் எதிரொளிப்புப் பட்டை ஒட்டுக. மேலும் கீழுமாக அசையும் ஒளியைக் கண்டதும், அங்கே மிதிப்பவர் ஒரு மனிதர் என்பதை ஓட்டுநர் விரைவில் உணர்வார். கறுப்புப் புர்கா அணிந்து மிதிவண்டியில் செல்லும் நம் பெண்மக்களின் புத்தகப் பையிலும் அப்பட்டையை ஒட்டுவதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை வில்லையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இதனால் பயனுண்டா என்று ஐயுறுவோருக்கு டென்மார்க்கு நாட்டின் ஓடென்சே நகரத்துச் செய்தி விடை தரும். அங்கே 2004-2005இல், பகலிலும் இரவிலும் தாமே எரியும் காந்த விளக்குகளை 1,845 மிதிவண்டிகளில் பொருத்தினர். விளக்குப் பொருத்தாத 2,000 பேருடன் ஓராண்டு ஒப்பிட்டனர். காயம் விளைவித்த மிதிவண்டி விபத்துகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், விளக்குப் பொருத்தியவர்களிடம் அவை 19 விழுக்காடு குறைந்திருந்தன.

எம் மக்தபில் மக்ரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளின் மிதிவண்டிகளை இப்போது வியாழன்தோறும் பார்வையிடுகிறோம். பின்புறம் ஒளியில்லாத வண்டியின் உரிமையாளரான தகப்பனாரை அழைத்துப் பேசுகிறோம். ஒருவர், "ஹஜ்ரத், ஓதிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே, இது மதரஸாவின் வேலையா?" என்று வருத்தத்துடன் கேட்டார். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று அவருடைய மகனுக்குத்தான் அன்று பாடம் நடத்தியிருந்தோம். அதனையே அவரிடமும் கூறினோம். அடுத்த வாரம் அப்பிள்ளையின் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வாசகப் பெருமக்கள் இன்றிரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டு மிதிவண்டியை இருண்ட தெருவில், வாகனம் வராத ஓரத்தில் நிறுத்துங்கள். அன்றாடம் வைக்கும் பையைக் கேரியரில் வையுங்கள். பின்புறமாக நூறு அடி எடுத்து வைத்து நடந்து, டார்ச்சு விளக்கைக் கண்ணருகே பிடித்து வண்டியின் மீது ஒளி பாய்ச்சுங்கள். சிவப்பாக ஏதேனும் மின்னினால் நன்று. மின்னவில்லையெனில், நாளை காலை பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் முன் சைக்கிள் கடைக்குச் சென்று வாருங்கள்.