மலை மேல் போட்ட பழி

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், தலித் மக்கள். சாராயம் விற்ற இடம் நகரத்துக்குள், காவல் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அடுத்த நாட்களில் போலீஸ் வண்டிகள் வரிசையாக ஏறியது பக்கத்திலுள்ள கல்வராயன் மலைக்கு. ஓடையோரப் புதர்களில் புதைத்து வைத்திருந்த பேரல்களைக் கவிழ்த்தார்கள். லாரி டியூப்களைக் கிழித்தார்கள். இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று நாளேடுகளில் படத்தோடு செய்தி வந்தது. படித்தவர்களுக்கு விஷம் மலையிலிருந்து இறங்கி வந்தது போலத் தோன்றியிருக்கும். அந்த எண்ணம் தவறு. அது தவறு என்பதைச் சொல்லாமல் விட்டால், இன்னொரு கருணாபுரம் வராமல் தடுக்கவும் முடியாது.

கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். வெல்லத்தையும் பட்டையையும் கடுக்காயையும் ஊறப்போட்டுக் காய்ச்சினால் கிடைப்பது எத்தனால். அதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் சேராது. பெயிண்ட், வார்னிஷ், பிளைவுட் பசை போன்ற தொழில்களுக்காக ஆலையில் தயாராகி, டேங்கரில் ஏறி, ரசீது போட்டு விற்கப்படும் சரக்கு மெத்தனால். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் முதலில் கண்பார்வையைப் பறித்து, பிறகு உயிரையும் எடுக்கிறது. குடித்தவுடன் தெரியாது, பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். அதனால்தான் முதல் சாவுகளுக்குக் காரணம் சாராயம் அல்ல என்று அதிகாரிகள் மறுத்த அந்தச் சில மணி நேரம் அவ்வளவு கொடியதாகிவிட்டது. உண்மையை உடனே சொல்லியிருந்தால், மீதமிருந்த பாக்கெட்டைச் சிலராவது கீழே கொட்டியிருப்பார்கள்; கண் மங்கியவர்கள் முன்னதாகவே மருத்துவமனைக்கு ஓடியிருப்பார்கள்.

இது முதல் முறையும் அல்ல. ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். எக்கியார்குப்பம் கடலோர மீனவர் ஊர். அங்கே பழி போட மலை கிடையாது. மெத்தனாலை யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் உரிம விதிகள் இருக்கின்றன. ஆலையிலிருந்து கடைசியாக வாங்கியவர் வரை ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை விழுந்தது என்று தேடுவதற்குக் கிடங்குகளின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும், கையெழுத்திட்ட அதிகாரியைக் கேள்வி கேட்க வேண்டும். அதைவிட மலையில் நாலு பேரலைக் கவிழ்ப்பது சுலபம்.

மலையில் காய்ச்சுவதே இல்லையா, அந்தச் சாராயம் கீழே வந்து விற்றதால்தானே இந்தப் பழக்கமும் இந்த வியாபாரிகளும் வளர்ந்தார்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கல்வராயன் மலையில் பல காலமாகச் சாராயம் காய்ச்சுகிறார்கள்; அதைக் கீழே கொண்டுபோய் விற்ற கூட்டம் இருந்ததும் உண்மை. மலைச் சாராயம் மருந்தல்ல, அதுவும் குடலையும் குடும்பத்தையும் கெடுக்கும். ஆனால் கேட்பவர்கள் அதற்கு முந்தைய கேள்வியையும் கேட்க வேண்டும். அரசின் டாஸ்மாக் கடையில் ஒரு குவார்ட்டர் 140 ரூபாய்க்குக் குறையாமல் விற்றபோது, ஐம்பது அறுபது ரூபாய்ப் பாக்கெட்டைத் தேடி ஏழை ஏன் போனான்? ஓர் ஆண்டில் மதுவால் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பெறும் அரசுக்கு அந்த விலை வித்தியாசம் தெரியாததல்ல. மலையிலிருப்பவன் ஏன் ஊறல் போட்டான் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு விடை மலையின் சரித்திரத்தில் இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரியும் நிர்வாகமும் ஜாகிர்தார் கையில். நாடு விடுதலை பெற்ற பிறகும் பல ஆண்டுகள் அந்த ஏற்பாடு நீடித்தது. சமவெளியில் ஜமீன் ஒழிப்பும் பட்டாவும் கூட்டுறவு வங்கியும் வந்த காலத்தில், இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் உழுத நிலத்துக்குக் காகிதம் இல்லாமல் இருந்தார்கள். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதன்படி பட்டா வழங்க 2008-இல் விழுந்த தடை 2016 வரை நீங்கவில்லை. பட்டா இல்லாதவனுக்குக் கடன் இல்லை. சாலை இல்லாத ஊரிலிருந்து கடுக்காயும் புளியும் சாமையும் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் இடைத்தரகன் விலையை வைத்துவிடுவான். அந்த நிலையில் வெல்லத்தைக் கொண்டுவந்து கொடுத்து, காய்ச்சியதை வாங்கிக்கொள்ள ஒருவன் வந்தால், மறுக்கும் வசதி எத்தனை பேருக்கு உண்டு? 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்ததும், முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னதும் இந்தக் குறையை மனதில் வைத்துத்தான்.

கருணாபுரத் துயரத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுபோனார்கள். கடுமையான தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; விஷம் விற்றவனுக்கு அது தகும். ஆனால் இந்தியாவில் காங்கிரஸ் ஆட்சியின் மதுவிலக்கு முதலில் அமலானதே 1937-இல், ராஜாஜி காலத்தில், இந்த மலையின் மேற்குப் பகுதி சேர்ந்த சேலம் மாவட்டத்தில். அன்று முதல் இன்று வரை மலைக்குத் தவறாமல் வந்த அரசு, ரெய்டுக்கு வந்த அரசுதான். தண்டனையின் கனத்தால் மலை மாறுவதாக இருந்தால் எப்போதோ மாறியிருக்கும். மெத்தனால் கணக்கைக் கிடங்கிலேயே பிடிக்க வேண்டும், அதைக் கோட்டை விட்ட அதிகாரி பதில் சொல்ல வேண்டும். மலைக்குப் பட்டாவும் சாலையும் நியாய விலையில் கொள்முதலும் போக வேண்டும். முதல் வேலை கருணாபுரத்துக்குச் செய்ய வேண்டிய நீதி. இரண்டாவது கல்வராயன் மலைக்குத் தர வேண்டிய பழைய பாக்கி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, மலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், இரண்டு இடத்திலும் உண்மைக் குற்றவாளி தப்பித்துக்கொள்வான்.