கஜானாக்காரரின் பதிவேடு

ராதாகோவிந்த சந்திராமீது எனக்கு ஈடுபாடு வந்ததற்கு முதல் காரணம் அவரும் ஒரு குமாஸ்தா என்பதுதான். பகலெல்லாம் பணம் எண்ணிப் பேரேட்டில் பதிந்து பிழைப்பவன் நான். 1878இல் பிறந்த சந்திரா, பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்று, வங்காளத்தின் ஜெஸ்ஸூர் கஜானாவில் நாணயம் சோதிக்கும் வேலையில் அமர்ந்தார். இரவில் ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்த்தார். 1911இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மாறொளி விண்மீன் பார்வையாளர் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் குறிப்புகள் அனுப்பினார். 1926இல் சங்கம் அவருக்கு ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. அது பின்னால் வைணு பாப்பு வழியாக நம் காவலூருக்கு வந்து சேர்ந்தது. 1975இல் சந்திரா மறைந்தார். அவருடைய பதிவுகள் 37,000க்கும் மேல்.

பெரிய தொலைநோக்கியில் ஒரு விஞ்ஞானிக்குக் கிடைப்பது சில இரவுகள். மீரா போன்ற நட்சத்திரம் ஒருமுறை மங்கித் தெளியவே பதினொரு மாதம் ஆகிறது. வடமகுடத்திலுள்ள இன்னொன்று பல வருஷம் ஒரே நிலையில் இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் மங்கிப்போகும். இவற்றின் சரித்திரம் சந்திரா போன்றவர்களின் நோட்டுகளில்தான் சேர்கிறது.

முறை எளிமையானது. ஒளி அளவு தெரிந்த இரு அண்டை நட்சத்திரங்களுக்கு நடுவே இது எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். தெரியாவிட்டால், தெரிந்தவற்றுள் மிக மங்கலானதைக் குறித்து, அதைவிட மங்கல் என்று எழுத வேண்டும். தெரியவில்லை என்பதும் ஒரு பதிவு. இன்னொரு விதி: முந்தைய குறிப்பைப் பார்த்துவிட்டு மதிப்பிடக்கூடாது. பார்த்தால் கண் அதையே காணும்.

இந்த விதிதான் என்னைக் கூச வைத்தது. சென்ற வருஷம் ஒரு நண்பரின் மூன்றாவது கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். சொற்செட்டு, இறுக்கம், அடங்கிய குரல் என்றெல்லாம் பாராட்டியிருந்தேன். இதழ் வந்த பிறகு அவர் கேட்டார்: “இந்தப் புஸ்தகத்தைப் படிச்சீரா, போன புஸ்தகத்தையா?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தொகுப்பைத் திரும்பப் படித்தேன். பாதிக் கவிதைகள் மங்கியிருந்தன. அவருக்கு அது தெரிந்திருந்தது. யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறார். நான் என் பழைய கட்டுரையின் வாக்கியங்களை அவர்மேல் மறுபடி போர்த்தியிருந்தேன்.

ஒரு நட்சத்திரத்தைப் பல பேர் பார்க்கிறார்கள். ஒருவர் கண் பிசகினால் மற்றவர்களின் பதிவுகள் சரிக்கட்டிவிடும். நம் வட்டத்தில் ஒரு புத்தகத்துக்கு வருவது இரண்டு மதிப்புரை. அதில் ஒன்று பொய்க்கணக்கு என்றால் சரிபார்க்க ஆளில்லை.

அந்தத் தொகுப்பைப் பற்றி மறுபடியும் எழுதப்போகிறேன். பழைய இதழ்களைப் பரண்மேல் ஏற்றியாயிற்று.